உயிரியல் மருந்துகள்: தொடங்குமுன் அறிய வேண்டியவை

காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்து, மடக்க இயலாமல் நெடுநேரம் இருப்பது முடக்குவாதத்தின் முக்கிய அறிகுறி. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. சொரியாசிஸ், குடலைப் புண்ணாக்கும் கிரோன் நோய் ஆகியவற்றிலும் இப்பாதுகாப்பு அமைப்பின் பிறழ்வே அழற்சியை மூட்டுகிறது.

முடக்குவாதத்திற்கு முதலில் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளே தரப்படுகின்றன. அவை போதாதபோது மருத்துவர்கள் உயிரியல் மருந்துகளை நாடுகின்றனர். இவை உயிருள்ள செல்களில் உருவாக்கப்படும் புரதங்கள். விழுங்கினால் செரித்துவிடும் என்பதால் ஊசி வழியாகவே செலுத்தப்படுகின்றன. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை அடலிமுமாப் தடுக்கிறது. மூட்டில் ஏற்பட்டுவிட்ட சிதைவை மீட்க இயலாது. மேலும் சிதையாமல் காப்பதே இதன் பயன்.

ஆனால், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி எழுந்த அரணைக் கட்டிக் காப்பதும் இதே டி.என்.எஃப். புரதந்தான். அதைத் தடுத்தால் அரண் தளர்ந்து காசநோய் தலைதூக்கக்கூடும். எனவே மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்க்கான தோல் அல்லது இரத்தப் பரிசோதனையும் முன்னதாகவே செய்துகொள்வது இன்றியமையாதது. கல்லீரல் அழற்சி பி பரிசோதனையும் தேவை. சிகிச்சையின்போது விடாத காய்ச்சலோ இருமலோ இருந்தால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஊசிமருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசில் வைக்க வேண்டும், உறையவிடலாகாது. மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தினால் நோய் மீண்டும் தீவிரமடையலாம். ஆகவே செலவையும் முன்கூட்டியே திட்டமிடுதல் நலம்.

2014-இல் அடலிமுமாபுக்கு நிகரான உலகின் முதல் உயிரொத்த மருந்தை இந்திய நிறுவனமான சைடஸ் வெளியிட்டது. விலையும் பெருமளவு குறைந்தது. இத்தகைய மருந்து தமக்குப் பொருந்துமா என மருத்துவரிடம் கேட்கலாம்.

மருத்துவமனையில் ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் எதிர்ப்புரதச் சிகிச்சை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நவீன சிகிச்சைப் பட்டியலில் உள்ளது. எனினும் காப்பீட்டு நிறுவனம் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கலாம். வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பணம் கிடைக்காமலும் போகலாம். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம், 2024 விதிகளின்படி 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. முதல் ஊசிக்கு முன்பே இவற்றை எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெறுவது, சிகிச்சை பாதியில் தடைப்படாமல் காக்கும்.