எழுத்து அழியவில்லை, பெயர்ச்சீட்டுதான் மாறிப்போச்சு: 'மட்' நிரலில் பழைய தமிழ் மின்னஞ்சல்களைத் திறப்பது எப்படி?



ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அண்மையில் ஒரு விரலியை என்னிடம் கொடுத்தார். 2001 முதல் 2004 வரை அவருக்கு வந்த மின்னஞ்சல்கள் அதில் இருந்தன. யூபிஎஸ்ஆர் பயிற்சித்தாள்கள், மாணவர் கட்டுரைகள், சக ஆசிரியர்களோடு நடந்த இலக்கண விவாதங்கள் என நான்கு ஆண்டு உழைப்பு. ஆனால் திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. "எல்லாம் கெட்டுப்போச்சு தம்பி, அழிச்சிடலாமா?" என்று கேட்டார்.

உங்களிடமும் இப்படி ஒரு கோப்பு இருக்கலாம். தயவுசெய்து அழிச்சிடாதீங்க. பெரும்பாலும் எழுத்துகள் பத்திரமாகத்தான் இருக்கும். அவற்றின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் தவறு.

ஏன் இப்படி ஆனது?

கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையைத்தான் குறியேற்றம் என்கிறோம். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் அட்டவணை வைத்திருந்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட்'97 மாநாடு நடந்தது. இணையத்தில் கலந்துபேசி 'திஸ்கி' என்ற குறியேற்றமும் உருவானது. நம் நாட்டு முரசு அஞ்சல் உட்படப் பல மென்பொருள்கள் அதை ஏற்றன. பின்னர் ஒருங்குறி வந்து எல்லாவற்றுக்கும் பொதுவானது.

ஒவ்வொரு மின்னஞ்சலின் தலைப்பகுதியிலும் "இது இன்ன குறியேற்றம்" என்று ஒரு குறிப்பு இருக்கும். அன்றைய நிரல்கள் பலவற்றுக்குத் திஸ்கி தெரியாது. அதனால் 'பயனர் வரையறுத்தது' என்றோ, மேற்கு ஐரோப்பிய மொழி என்றோ குறித்து அனுப்பிவிட்டன. இன்றைய நிரல் அந்தச் சீட்டை நம்பிப் படிக்கிறது, குழம்புகிறது.

ஏன் 'மட்'?

மட் என்பது மைக்கேல் எல்கின்ஸ் 1995இல் எழுதத் தொடங்கிய இலவச நிரல். படமோ பொத்தானோ கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். பல்கலைக்கழக நாட்களில் 'பைன்' பயன்படுத்தியவர்களுக்கு இது பழகிய முகம். இதை நான் பரிந்துரைக்க ஒரே காரணம், பெயர்ச்சீட்டை நம் கையாலேயே மாற்ற இது விடுகிறது. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் திஸ்கியை ஒருங்குறியாக்கும் வசதி ஏற்கெனவே உண்டு. மட் அதையே பயன்படுத்துகிறது. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள்ளேயே உபுண்டுவை நிறுவி, அதில் மட் பொதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் செய்ய வேண்டியவை

1. மூலக்கோப்பைத் தொடாதீர்கள். ஒரு படி எடுத்து, படியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. முனையத்தில் 'லொகேல்' என்ற கட்டளையைத் தட்டுங்கள். வரும் வரிகளில் 'யுடிஎஃப்-8' என்று இருக்கணும். இல்லையென்றால் புதிய தமிழ் மின்னஞ்சல்கூடக் கேள்விக்குறியாகத்தான் தெரியும்.

3. 'எம்பாக்ஸ்' வடிவக் கோப்பை மட் நேரடியாகத் திறக்கும். தண்டர்பேர்ட் சேமிப்பது இந்த வடிவம்தான். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கோப்பு என்றால் முதலில் எம்பாக்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். திறக்கும்போது 'படிக்க மட்டும்' என்பதற்கான பெரிய 'ஆர்' தெரிவையும், கோப்பைக் குறிக்கும் சிறிய 'எஃப்' தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள்.

நோய் எது என்று பாருங்கள்

திரையில் தெரியும் குப்பையே நோயைச் சொல்லிவிடும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வந்தால், அது ஒருங்குறித் தமிழ். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் எடுக்கும். முதல் பைட்டு எப்போதும் ஒன்றே, அதனால்தான் இந்த ஒரே மாதிரியான தொடர். சீட்டை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் போதும்.

அப்படி ஒழுங்கில்லாமல், பலவித ஐரோப்பிய எழுத்துகள் கலந்து வந்தால், அது திஸ்கி போன்ற பழைய குறியேற்றமாக இருக்கலாம்.

கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். ஒரு தமிழ் ஒருங்குறி எழுத்துருவை நிறுவுங்கள்.

மற்ற தமிழ் மின்னஞ்சல்கள் நன்றாகத் தெரிந்து, ஒன்றில் மட்டும் வெறும் கேள்விக்குறிகள் என்றால், வழியில் ஏதோ ஒரு நிரல் எழுத்துகளைத் தூக்கி எறிந்திருக்கலாம். அப்படியானால் இதிலிருந்து மீட்க முடியாது. அனுப்பியவரிடம் வேறு படி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சீட்டை மாற்றுவது

மின்னஞ்சலைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு 'இ' அழுத்துங்கள். கீழே ஒரு வரி வரும். அதில் 'சார்செட்' என்பதற்குப் பின்னால் இருக்கும் பெயரை அழித்துவிட்டு, டி-எஸ்-சி-ஐ-ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டி 'என்டர்' அழுத்துங்கள். திஸ்கியாக இருந்தால் தமிழ் அப்படியே எழுந்து நிற்கும். அந்த ஆசிரியருக்கு இதைக் காட்டியபோது முதலில் தெரிந்தது ஐந்தாம் ஆண்டு மாணவி எழுதிய 'என் பாட்டி' கட்டுரை. சிறிது நேரம் அவர் பேசவே இல்லை.

இந்த மாற்றம் தற்காலிகமானது, கோப்பை விட்டு வெளியேறினால் போய்விடும். எனவே 'எஸ்கேப்' அழுத்திவிட்டுப் பெரிய 'சி' அழுத்தி, புதிய கோப்பு ஒன்றின் பெயரைக் கொடுங்கள். மின்னஞ்சல் ஒருங்குறியாக அங்கே சேமிக்கப்படும், பழையதும் அப்படியே இருக்கும்.

நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம். உங்கள் இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் 'மட்ஆர்சி' என்ற அமைப்புக் கோப்பு உண்டு. இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதில் 'சார்செட்-ஹூக்' கட்டளையை எழுதி, முதலில் தவறான பெயரையும் அடுத்துத் திஸ்கியையும் கொடுத்தால், அந்தச் சீட்டு ஒட்டிய எல்லாவற்றையும் மட் திஸ்கியாகவே படிக்கும். ஆங்கில வரிகள் கெடாது, ஏனென்றால் திஸ்கியின் முதல் பாதி ஆங்கிலத்துக்கே உரியது.

திஸ்கி என்று மாற்றியும் குப்பையாக இருந்தால், அது டாப், டாம் போன்ற வேறு குறியேற்றமாகலாம். அவை மட் நிரலுக்குத் தெரியாது. அப்போது உரையை நகலெடுத்து, என்எச்எம் மாற்றி அல்லது பொங்குதமிழ் மாற்றியில் ஒவ்வொரு குறியேற்றமாகச் சோதித்துப் பாருங்கள்.

இன்னொன்று. 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் பதறாதீங்க. பல முனையங்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. உரை சரியாகவே இருக்கும். எம்எல்டெர்ம் முனையத்தில் திறந்து பாருங்கள், அல்லது சேமித்த கோப்பைச் சொற்செயலியில் திறங்கள்.

ஜிமெயிலோடு இணைக்க விரும்பினால்

மீட்டவற்றைச் சக ஆசிரியர்களுக்கு மட் வழியாகவே அனுப்பலாம். மட்ஆர்சி கோப்பில் ஐமேப் முகவரிக்கு 993, எஸ்எம்டிபி முகவரிக்கு 465 என்ற துறை எண்களைக் கொடுங்கள். தமிழில் எழுதினால் மட் தானாகவே யுடிஎஃப்-8 சீட்டை ஒட்டி அனுப்பும்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லையா? வழக்கமான கடவுச்சொல்லை ஜிமெயில் இங்கே ஏற்காது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்குங்கள். பள்ளி வழங்கிய கணக்கு என்றால் நிர்வாகி இதைத் தடுத்திருக்கலாம், அவரிடம் கேளுங்கள். கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதி வைக்காதீர்கள். எழுதாவிட்டால் ஒவ்வொரு முறையும் மட் கேட்கும், அதுவே பாதுகாப்பு.

இணைப்பே கிடைக்காமல் நின்றுபோனால், கைப்பேசி இணையத்தில் முயன்று பாருங்கள். அதில் வேலை செய்தால் பள்ளி வலையமைப்புதான் அந்தத் துறையை அடைத்திருக்கிறது. சான்றிதழ்ப் பிழை வந்தால் முதலில் கணினியின் தேதியைச் சரிபாருங்கள்.

கடைசியாக

பழைய வட்டுகளும் விரலிகளும் நமக்காகக் காத்திருக்காது. தவறான சீட்டைத் திருத்தலாம். பழுதான வட்டைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை. இந்தப் பள்ளி விடுமுறையில் அலமாரியைத் திறந்து, முதலில் ஒரு படி எடுத்து வையுங்கள். மீட்பதைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.