ஃப்ரிட்ஜில் இருக்கணும் ஸார், ரத்தம்!

'அமர் அக்பர் அந்தோணி' (1977) படம் பார்த்திருக்கிறீர்களா? மூன்று மகன்களும் வரிசையாகப் படுத்திருக்க, மூன்று பேர் ரத்தமும் ஒன்றாகச் சேர்ந்து அப்படியே அம்மா உடம்பில் இறங்கும். நிஜ ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்தால் டாக்டர் கம்பி எண்ண வேண்டியதுதான்!

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன். சிங்கபெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் ரோடு எனக்குத் தினசரி தரிசனம். ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று பாருங்கள். புதுக் கார்களை மாடி மாடியாக அடுக்கின டிரெய்லர், கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ்... இடுக்கில் பைக். ஓட்டுகிறவனுக்கு வயசு இருபது, இருபத்திரண்டு. தர்மபுரி, ஒடிசா, பீகார் என்று எங்கிருந்தோ வந்து, ஒரே ரூமில் ஆறு பேராகத் தங்கியிருக்கிற பையன்.

அவன் அடிபட்டால்? மனுஷ உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடை எலும்பு ஒன்று முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேல் உள்ளேயே கசிந்துவிடலாம். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. "நல்லாத்தான் ஸார் பேசிட்டிருந்தான்" என்று கூட வந்தவர்கள் அழுவது இதனால்தான். செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோ போய்ச் சேர்வதற்குள் பாதி நேரம் ரோட்டிலேயே கரைந்துவிடும்.

முன்பெல்லாம் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள். குழம்பில் தண்ணீர் விட்ட கதை! ரத்தத்தை உறைய வைக்கிற சரக்கு நீர்த்துப்போய், உடம்பு சில்லிட்டு, கசிவு இன்னும் கூடும். 2015-ல் வட அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு: சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் மூன்றையும் சம அளவில் ஏற்றியவர்களில், முதல் 24 மணி நேரத்தில் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள் குறைவு. கூடவே டிரனெக்ஸாமிக் ஆசிட் என்ற மலிவான ஊசி. 1962-ல் ஜப்பானியப் பெண் டாக்டர் உட்டாகோ ஒகமோட்டோ, கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்தது. அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால் உயிர் பிழைப்பவர்கள் அதிகம் என்று 40 நாடுகளில் நடந்த ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகு போட்டால் கெடுதலாம்!

ஊசி கடையில் கிடைக்கும். ரத்தம்?

காசுக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி முதல் தடை. 1996-ல் சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு. நல்ல காரியம்தான். ஆனால் "சொந்தக்காரங்க நாலு பேரைக் கூட்டிட்டு வாங்க" என்ற பழக்கம் போகவில்லை. பீகார் பையனின் மச்சான் பாட்னாவில் அல்லவா இருக்கிறான்!

ரூம்மேட்டுகள் ஓடி வந்து கையை நீட்டினாலும், அந்த ரத்தம் அவனுக்கு உடனே ஏறாது. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை கட்டாயம். மணிக்கணக்காகும். அவனைக் காப்பாற்றப்போவது, போன வாரமோ போன மாசமோ யாரோ முகம் தெரியாதவர் கொடுத்து, ஃப்ரிட்ஜில் காத்திருக்கிற பாக்கெட்தான்.

அதுவும் எத்தனை நாள்? சிவப்பணு அதிகபட்சம் 42 நாள். பிளேட்லெட் ஐந்தே நாள். அதை ஃப்ரிட்ஜில்கூட வைக்க முடியாது, தொட்டில் குழந்தை மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்கணும். சுதந்திர தினத்தன்று கேம்ப் நடத்தி போட்டோ பிடித்தால், தீபாவளிக்கு அடிபடுகிறவனுக்கு அதில் ஒரு சொட்டு மிச்சமிருக்காது.

18 வயசு, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். எடுப்பது 350 மில்லி. ஆண்கள் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். எங்கள் கேன்டீனில் கேம்ப் போட்டபோது கான்ட்ராக்ட் பையன்கள் வரிசை வாசல் வரை நின்றது. ஏ.ஸி. ரூம் பக்கமிருந்து வந்த முதல் கேள்வி: "இதுக்குப் பர்மிஷன் போடணுமா, அரை நாள் லீவா ஸார்?"