களைப்பு தீர்த்த பழம்

நெய்யாறு பிறப்பது அகத்தியர் மலையில். மலையின் உயரம் 1868 மீட்டர். சுற்றிலும் அடர்ந்த காடு. யானையும் கரடியும் உண்டு.

1987-இல் விஞ்ஞானிகள் சிலர் அந்தக் காட்டுக்குப் போனார்கள். காணி மக்கள் வழி காட்டினார்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகள் களைத்துப் போனார்கள். காணிகள் களைக்கவில்லை. ஏன்? ஒரு சிறு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே நடந்தார்கள். விஞ்ஞானிகளும் தின்றார்கள். களைப்பு தீர்ந்தது.

அந்தச் செடிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோடு தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. மருந்து செய்யும் உரிமைக்குக் கிடைத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது.

இந்த மலை ஏற வனத்துறையின் அனுமதி வேண்டும். வழிகாட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டும். சத்தம் கூடாது. தெரியாத பழத்தைத் தின்னக் கூடாது.

வழிகாட்டி காட்டைப் படித்தவர். அதுவும் படிப்புதான். அந்தப் படிப்புக்கும் கூலி உண்டு.