கடிவாளம் பிடித்தவர்

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், 1820-களில் ஏற்காட்டில் காபி நட்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். செடி பிடித்துக்கொண்டது, பின்னாலேயே துரைமார் வந்தார்கள். மேலே போக அப்போது கார் ரோடு ஏது? குதிரை, இல்லாவிட்டால் டோலி. டோலியைத் தூக்க ஆள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கும் ஆள் வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அந்தக் கால மதராஸ் மாகாணத்தில் ஒரு குதிரை வைத்திருந்தால் இரண்டு ஆள் சம்பளம். ஒருவர் குதிரைக்காரர், இன்னொருவர் புல் அறுப்பவர், பல வீடுகளில் அது குதிரைக்காரரின் மனைவி. விடியுமுன் லத்தியை அள்ளி, லாயத்தைக் கூட்டி, குதிரையின் உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். கொள்ளை வேகவைத்து, ஆறவைத்து, பிசைந்து வைக்க வேண்டும். துரை ஏறிக் கிளம்பினால் குதிரைக்காரரும் கூடவே ஓடுவார். துரை இறங்கும் இடத்தில் கடிவாளத்தை வாங்கிக்கொள்ள அவர் நின்றாக வேண்டுமே. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 4,000 அடி ஏற்றம். குதிரைக்கே மூச்சு வாங்கும்.

இந்த வேலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். அடிமை முறை ஒழிந்துவிட்டது என்று சர்க்கார் சொல்லிக்கொண்ட காலம் அது. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மீது எசமானுக்கு உள்ள உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்றது. ஆளை வைத்திருப்பது குற்றம் என்று சொல்லவில்லை. வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது 1862-இல், இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான். அதற்குள் 1859-இல் இன்னொரு சட்டம் போட்டுவிட்டார்கள்: முன்பணம் வாங்கியவர் வேலையை முடிக்காவிட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். தென்னிந்தியத் தோட்டக்காரர்களுக்கு இது வெல்லம். 1925-இல்தான் ரத்தானது.

பிறகு தாது வருஷப் பஞ்சம். 1871-இல் சுமார் 19.6 லட்சமாக இருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-இல் 16 லட்சம். முன்பணத்தை நீட்டித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் அப்போது யார் பேரம் பேசியிருக்க முடியும்?

இந்த மலைக் குதிரைக்காரர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அமெரிக்காவிலும் ஒரு குதிரைக்காரர் இருந்தார், அவர் பெயர் தங்கியது. ஓடிய ஏழு பந்தயங்களில் ஆறில் ஜெயித்த லெக்சிங்டன் என்ற குதிரையைத் தாமஸ் ஸ்காட் என்ற ஓவியர் வரைந்தார். அதில் ஒரு படத்தில் குதிரையைப் பிடித்து நிற்பவர் கறுப்பரான ஜாரெட் என்று 1870-இல் ஒரு பத்திரிகை குறிப்பிட்டது. அந்த ஒற்றைப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஜெரால்டின் புரூக்ஸ் 2022-இல் ‘ஹார்ஸ்’ நாவலை எழுதினார். அடிமையாகப் பிறந்த ஆன்செல் வில்லியம்சனின் பெயரும் மறையவில்லை. 1875-இல் முதல் கெண்டக்கி டெர்பியை வென்ற அரிஸ்டைட்ஸ் அவர் பழக்கிய குதிரை.

அங்கே இந்தப் பெயர்கள் தங்கியதற்கு ஒரு குரூரமான காரணமும் உண்டு. மனிதனைச் சொத்தாக விற்றவன் பத்திரத்தில் பெயரையும் விலையையும் எழுதித்தானே ஆகவேண்டும்? நம் மலையில் குதிரைக்காரரை யாரும் விலைக்கு வாங்கவில்லை, சம்பளத்துக்கு வைத்தார்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் குதிரைக்காரன் ஒன்று, புல்லுக்காரி ஒன்று என்று எழுதினால் போதுமானதாக இருந்தது.

பெயர் இல்லாத இந்தக் குறையை ஓவியம் ஈடுகட்டியிருக்கலாம். கல்கத்தாவில் 1830 முதல் 1850 வரை வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு வரைந்த ஷேக் முகம்மது அமீர், குதிரையின் பளபளப்புக்குக் கொடுத்த கவனத்தைக் குதிரைக்காரரின் முகத்துக்கும் தலைப்பாகைக்கும் கொடுத்தார். என்னைக் கேட்டால், குதிரைகளைவிட அந்த முகங்களே மேல். ஆனால் அவர் இருந்தது கல்கத்தாவில்.

எழுத்திலோ, வால்பாறைக்கு ஒரு டாக்டர் கிடைத்தார். தோட்டத்தில் வேலை பார்த்த பி. எச். டேனியல், தொழிலாளர் வாழ்க்கையை வைத்து 1969-இல் ஆங்கிலத்தில் நாவல் எழுதினார், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஏற்காட்டை வைத்து யாராவது எழுத உட்கார்ந்தால் பங்களா வராந்தாவை விட்டுவிட்டு லாயத்திலிருந்து தொடங்கட்டும். முதல் பிரதிக்கு நான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

(தொடரும்)