அப்பாவின் பழைய மோட்டார்: எஞ்சினைத் திறக்கும் முன் உடன்பிறந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பழைய போர்வைக்கு அடியில் ஒரு ஹோண்டா சி70. அதை அப்படியே விட்டுடணும்னு அண்ணன் சொல்கிறார். அக்காவுக்கு ஒரு தடவையாவது ஓட்டிப் பார்க்க ஆசை. தம்பியோ புதுச் சாயம் அடித்து, பளபளன்னு ஆக்கணும்னு கிளம்பிட்டார்.

மலேசியாவில் நிறைய வீடுகளில் இந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. துருவை எடுக்க வழி இருக்கிறது. பாகமும் தேடினால் கிடைக்கும். ஆனால் அந்த மோட்டார் யாருடையது, அதை என்ன செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் ஸ்பானரை எடுத்தால், பாதி வழியில் நிற்பது மோட்டார் மட்டுமல்ல, உடன்பிறந்தவர்களின் பேச்சுவார்த்தையும்தான்.

எதை முதலில் செய்யணும், எதைச் செய்யவே கூடாது? வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் இத்தனை வீடுகளில் ஒரு பழைய 'கப்சாய்'?

ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் மோட்டாரை 1958-இல் அறிமுகப்படுத்தியது. 2017-இல் அதன் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைத் தாண்டியது. உலகில் வேறு எந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

இங்கே ஹோண்டாவைப் பரவலாக்கியவர் பினாங்குத் தொழிலதிபர் லோ பூன் சியூ. 'கப்' என்ற பெயரோடு, 'சின்னது' என்ற பொருளில் சீனர்கள் சேர்க்கும் 'சாய்' சேர்ந்துதான் 'கப்சாய்' ஆனது.

கியர் மாற்ற கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. பெட்ரோல் கொஞ்சமாகத்தான் குடிக்கும். மண் சாலையிலும் போகும். தோட்டப்புறத்தில் வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போக எல்லாவற்றுக்கும் இதுதான். பல குடும்பங்கள் முதன்முதலாகச் சொந்தமாக வாங்கிய வாகனமும் இதுவே. அதனால்தான் ஓடாமல் போன பிறகும் யாருக்கும் அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை.

முதல் கேள்வி: இது யாருடைய மோட்டார்?

'அப்பா எனக்குத்தான் தர்றேன்னு சொன்னார்' என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அதைக் கேட்காது. நாம் 'கிராண்ட்' என்று சொல்லும் வாகனப் பதிவுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் பார்க்கும்.

அப்பா காலமாகிவிட்டார், பதிவு இன்னும் அவர் பெயரில்தான் என்றால், அந்த மோட்டார் அவருடைய சொத்தில் ஒரு பகுதி. உயில் இல்லாத பட்சத்தில், தீபகற்ப மலேசியாவிலும் சரவாக்கிலும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். சபாவில் தனிச் சட்டம் உள்ளது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை.

ஓர் உதாரணம். அம்மா இருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர், அப்பாவைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மோட்டாரின் மதிப்பு 4,500 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அம்மாவுக்கு 1,500, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1,000. மகன், மகள் என்ற வித்தியாசம் இல்லை. கல்யாணமாகிப் போன அக்காவுக்கும் அதே பங்குதான்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. தம்பி தன் கைக்காசு 3,000 ரிங்கிட் போட்டுப் பழுதுபார்த்தார் என்பதால் மட்டும் மோட்டார் அவருடையது ஆகிவிடாது. கிராண்ட் தன் கையில் இருக்கிறது என்பதற்காக அண்ணன் தனியாக விற்கவும் முடியாது. பிற்பாடு வரும் சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

பெயரை மாற்றுவது எப்படி?

அப்பாவுக்கு உயில் இல்லை, விட்டுப்போனது வாகனம், வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து மட்டும், மொத்த மதிப்பு 600,000 ரிங்கிட்டுக்கு மேல் இல்லை என்றால், அமானா ராயா நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம். வீடோ நிலமோ சேர்ந்திருந்தால் நில அலுவலகம் வழியாகச் சிறு சொத்துப் பகிர்வுக்குப் போகணும். உயில் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

அங்கே கிடைக்கும் ஆவணத்தோடு இறப்புச் சான்றிதழையும் கிராண்டையும் எடுத்துக்கொண்டு ஜேபிஜே-க்குப் போனால் பெயர் மாற்றலாம். யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்க. வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படம் இதற்குப் போதாது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் சரிபார்க்கணும். மோட்டாரில் அடித்திருக்கும் எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் கிராண்டில் இருப்பதோடு பொருந்துகிறதா? அந்தக் காலத்தில் எஞ்சின் போய்விட்டால் பட்டறையில் வேறொன்றைத் தூக்கி மாட்டிவிடுவது சகஜம். எண் பொருந்தாத மோட்டாருக்குச் செலவு செய்யும் முன் ஜேபிஜே கவுண்டரில் விசாரிப்பது நல்லது. சாலை வரி பல வருஷம் விட்டுப்போயிருந்தால் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்க.

இரண்டாவது கேள்வி: எந்த அளவுக்குச் சரிசெய்வது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இருப்பதை அப்படியே காப்பது. தூசி துடைத்து, துரு பரவாமல் எண்ணெய் பூசி வைப்பது. செலவு குறைவு. மோட்டார் ஓடாது.

இரண்டாவது, ஓட்டத்துக்கு மட்டும் கொண்டுவருவது. எஞ்சின், பிரேக், டயர், வயர் ஆகியவற்றைச் சரிசெய்து, சாயத்தையும் கீறலையும் தொடாமல் விடுவது.

மூன்றாவது, முழுச் சீரமைப்பு. எல்லாவற்றையும் கழற்றி, புதுச் சாயம், புது குரோம்.

உங்கள் வீட்டில் ஒத்துப்போக முடியவில்லை என்றால் இரண்டாவது வழியில் தொடங்குங்க. காரணம் எளிது. சாயம் அடிப்பதைப் பத்து வருஷம் கழித்துக்கூடச் செய்யலாம். ஆனால் அப்பா கையால் எழுதிய பெயரோ, ரப்பர் பால் வாளி உரசிய தழும்போ, ஒரு தடவை சுரண்டிவிட்டால் திரும்ப வராது. அதோடு, வாகனத்தின் நிறமும் ஜேபிஜே பதிவில் இருக்கிறது. மாற்றினால் தெரிவிக்கணும்.

சும்மா நின்றால் எஞ்சின் கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். ஓடுவதால் வரும் தேய்மானம் வேறு, நிற்பதால் வரும் கேடு வேறு.

பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிஞ்சுவது பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். நம் ஊர் ஈரக்காற்று டேங்குக்குள் புகுந்து துருவை உண்டாக்கும். சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோனதும் பிஸ்டன் வளையங்கள் அங்கேயே துருவில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும்.

சி70 வகையில் சட்டம் தகட்டை அழுத்திச் செய்தது. ஈரம் உள்ளுக்குள்ளேயே தேங்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும், பேட்டரிப் பெட்டிக்குக் கீழேயும் பின் அப்சார்பர் மாட்டும் இடத்திலும் தட்டிப் பாருங்க. அங்கே தகடு இற்றிருந்தால் எஞ்சினைவிட அதுதான் பெரிய வேலை.

செய்யவே கூடாதது: எடுத்ததும் மிதிப்பது

கொட்டகையிலிருந்து வெளியே தள்ளியதும் எல்லாரும் செய்வது கிக்கரை ஓங்கி மிதிப்பதுதான். ஒட்டிக்கொண்ட பிஸ்டனை அப்படி இழுத்தால் வளையம் உடையும், சிலிண்டரும் கீறும். சும்மா விட்டிருந்தால் தப்பித்திருக்கும் எஞ்சின் அந்த ஒரு மிதியில் போய்விடலாம்.

பிளக்கைக் கழற்றுங்க. அந்தத் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டுடுங்க. பிறகு பக்க மூடியைக் கழற்றி, ஃபிளைவீலைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்க. அசையவில்லையா? மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. ஒரு வாரம் ஆனாலும் சரி. அப்படியும் இறுகியே இருந்தால் எஞ்சின் தலையைத் திறக்க வேண்டியதுதான். அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுங்க.

சுழல ஆரம்பித்ததும் பழைய எஞ்சின் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றணும். சி70-க்கு ஒரு லிட்டருக்கும் குறைவுதான். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பிளக் இல்லாமலே பத்துப் பதினைந்து தடவை மெதுவாக மிதித்து எண்ணெயை எல்லா இடத்துக்கும் போக விடுங்க. பிளக்கை மாட்டுவது அதற்கப்புறம்தான்.

டேங்கும் கார்புரேட்டரும்

டேங்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலை முழுசாக வடியுங்க. அதைக் கால்வாயில் ஊற்றாதீங்க. கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்க.

லேசான துருவுக்கு வெள்ளை வினிகர் போதும். ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டு, தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரால் மறுபடி அலசணும். அமிலம் மிச்சமிருந்தால் அன்றைக்கே புதுத் துரு பிடிக்கும். உடனே வெயிலில் காயவைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றி விடுங்க.

கார்புரேட்டரில் அதிகம் அடைபடுவது பைலட் ஜெட். அந்தத் துளையில் ஊசியையோ கம்பியையோ விடாதீங்க. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் பண்ணுங்க.

யமஹா, வெஸ்பா போன்ற டூ ஸ்ட்ரோக் என்றால்?

கூடுதலாக ஒரு எச்சரிக்கை. கிராங்க்கின் இரு பக்கமும் உள்ள எண்ணெய் சீல்கள் பல வருஷத்தில் காய்ந்து சுருங்கிவிடும். அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் விகிதத்தில் குறையும், எஞ்சின் சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 'ஸ்டார்ட் ஆயிடுச்சு' என்று சந்தோஷப்பட்டு நெடுஞ்சாலைக்குப் போனவர்கள் தள்ளிக்கொண்டு திரும்புவது இதனால்தான். சீல் விலை அதிகமில்லை. முதலிலேயே மாற்றிவிடுங்க.

ஓடுவதைவிட நிற்பது முக்கியம்

டயரில் 'டிஓடி' என்ற எழுத்துகளோடு வரும் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 1410 என்றால் 2010-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். பூ தேயாமல் இருந்தாலும் பத்து வருஷத்தைத் தாண்டிய டயர் வேண்டவே வேண்டாம்.

பிரேக் கட்டைகள் ஒட்டு விட்டுப் பெயரலாம், அதனால் மாற்றணும். பழைய கட்டைகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. தூசியைக் காற்றடித்து ஊதாமல், முகக்கவசம் போட்டு ஈரத்துணியால் துடையுங்க. எலி கடித்த வயர், இறுகிய கேபிள், துருப்பிடித்த சங்கிலி எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வரும். காசு குறைவாக இருந்தால் குரோமைத் தள்ளிப் போடுங்க, பிரேக்கைத் தள்ளிப் போடாதீங்க.

சாலைக்கு எப்போது?

150 சிசி வரையிலான மோட்டாருக்குச் சாலை வரி பெரிய செலவு இல்லை. ஆனால் காப்புறுதி இல்லாமல் வரி எடுக்க முடியாது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது சட்டப்படி கட்டாயம். வீட்டு முன்னால் ஒரு சுற்று என்றாலும் அது பொதுச் சாலைதான். ஓட்டுபவருக்கு உரிமமும் வேணும். பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான், தாத்தா காலத்துப் பெரிய பிரிட்டிஷ் மோட்டார் என்றால் முழு பி உரிமம் தேவை.

காசுக் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்க. யார் எவ்வளவு கொடுத்தார், எந்தப் பாகத்துக்கு என்று ரசீதோடு ஒட்டி வையுங்க. ஆரம்பத்திலேயே மூன்று விஷயங்களை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. அதிகபட்சச் செலவு எவ்வளவு? முடிந்த பிறகு மோட்டார் யார் வீட்டில் இருக்கும்? ஒருவர் விற்கணும் என்றால் மற்றவர்களுக்கு முதல் வாய்ப்பு உண்டா?

காசு போட முடியாதவரையும் சேர்த்துக்கொள்ளுங்க. பாகம் தேடுவதும், ஜேபிஜே வரிசையில் நிற்பதும்கூட வேலைதான்.

எல்லாரும் அடுத்து வீட்டில் கூடும் நாளில் ஸ்பானர் பெட்டி வேண்டாம். அம்மாவை உட்கார வைத்து, அலமாரியிலிருந்து கிராண்டைத் தேடி எடுங்க. அந்த மோட்டாரை எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று அம்மாவிடம் கேட்டு அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்க. பாகத்தைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம், அந்தக் கதையைச் சொல்ல அம்மா ஒருவர்தான் இருக்கிறார்.