எந்த டீயிலிருந்து ஆடுவது?

கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் ‘பார்’ என்றொரு கணக்கு உண்டு. பார் 4 என்றால், குழி இருக்கும் கிரீனை இரண்டு அடியில் சேர்ந்து, மேலும் இரண்டு அடியில் பந்தைக் குழிக்குள் உருட்ட வேண்டும். தேர்ந்தவர்களின் அடித் தூரத்தை வைத்து வகுத்த கணக்கு இது. பொழுதுபோக்காக ஆடுபவர் திணறுவது இதனால்தான்.

400 கெஜ நீளமுள்ள பார் 4 குழியில், முதல் அடியை 240 கெஜம் அனுப்புபவருக்கு மீதி 160 கெஜம். 180 கெஜம் அனுப்புபவருக்கோ மீதி 220. எவ்வளவு நேர்த்தியாக அடித்தாலும் இரண்டாவது அடி கிரீனை எட்டாது. ஆட்டம் தொடங்கும் இடமான டீயை முன்னே நகர்த்தி, 320 கெஜத்திலிருந்து ஆடினால் அவருக்கு மீதி 140தான். டிரைவர் மட்டையால் 200 கெஜம் அடிப்பவர், 18 குழிகளும் சேர்ந்து 5,200 முதல் 5,400 கெஜம் வரும் டீக்களைத் தேர்ந்துகொள்ளலாம் என்று, 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘டீ இட் ஃபார்வர்ட்’ இயக்கம் பரிந்துரைத்தது.

தேர்ந்தவரைவிடச் சாதாரண ஆட்டக்காரருக்கு ஒரு டீ எவ்வளவு கூடுதல் கடினம் என்பதை ‘ஸ்லோப்’ எண் காட்டும். இது 55 முதல் 155 வரை இருக்கும். பொது அளவு 113. ஆட்டத் திறனை வைத்துச் சலுகை அடிகளைக் கணக்கிட உதவும் ஹேண்டிகேப் குறியீடு 20 உள்ளவர் ஸ்லோப் 130 உள்ள டீயில் ஆடினால், அந்த விகிதப்படி அவருக்கு 23 அடிகள் சலுகை.

கருவிகளும் ஓரளவு கைகொடுக்கும். டிரைவரின் தலை 460 கன சென்டிமீட்டர் வரை இருக்கலாம். எடை ஓரங்களுக்குப் பரவியிருப்பதால், பந்து நடுவில் படாவிட்டாலும் தலை அதிகம் திரும்பாது. பந்தின் திசையும் வேகமும் பெரிதாகக் கெடாது. மெதுவாக வீசுபவருக்கு முகச்சாய்வு கூடிய டிரைவர் பந்தை நன்றாக எழுப்பித் தரும். நீண்ட அயர்ன் மட்டைகளைவிட, அவற்றுக்கு மாற்றான ஹைபிரிட் மட்டைகளில் எடை கீழேயும் பின்னேயும் இருப்பதால், அவற்றாலும் பந்தை எளிதில் எழுப்பலாம். பந்தின் எடையோ 45.93 கிராமுக்கு மிகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதன் மேலுள்ள சிறு குழிவுகள் காற்றின் இழுப்பைக் குறைக்கின்றன.

இடமும் கணக்கை மாற்றும். 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் சென்னை நந்தனத்தின் காஸ்மோபாலிடன் கிளப் திடலில் போவதைவிட, அதே அடிக்குப் பந்து அங்கே அதிகத் தூரம் போகும். ஆனால் பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையும் மெல்லிய காற்றில் குறைவதால், மெதுவாக வீசுபவருக்கு இந்த ஆதாயம் சிறியதே. மலைச்சரிவின் ஏற்ற இறக்கம் தூரத்தை மேலும் கூட்டும், குறைக்கும்.

புதிய மட்டை கூட்டித் தருவது பெரும்பாலும் சில கெஜங்களே. சரியான டீ ஒவ்வொரு குழியிலும் பல பத்துக் கெஜங்களைக் குறைக்கும். அதற்குச் செலவும் இல்லை. ஆகவே முதலில் தன் அடியின் தூரத்தை அறிந்து, அதற்கேற்ற டீயைத் தேர்ந்து, பிறகு கருவியைப் பார்ப்பதே நல்ல வரிசை.