கப்பல் ஏறுமுன் கேட்கவேண்டியவை

உல்லாசக் கப்பலிற் பயணஞ் செய்ய விரும்பும் ஒருவர், பயணத்தின் வழியையும் கட்டணத்தையும் விசாரித்தறிந்தாற் பெரும்பாலும் போதுமானது. ஆனால், சக்கர நாற்காலியின்றி நடமாட இயலாத ஒருவருக்கு, நான்கு அங்குல உயரமுள்ள ஒரு வாயிற்படியே பயணம் முழுவதையும் பாழாக்கிவிடக்கூடும். ஆதலின், அத்தகையோர் கப்பலைத் தெரிவு செய்யும்போது கவனிக்கவேண்டியவற்றை இன்று ஆராய்வோம்.

முதலாவது, அறை. குறைந்த இடத்திற் பலரைத் தங்கவைப்பதற்காகவே கப்பலறைகள் அமைக்கப்படுகின்றன. அவற்றுட் பலவற்றின் கதவுகளில் நாற்காலி நுழையாது. நாற்காலியின் அகலம் ஏறக்குறைய 25 அங்குலம்; ஆகவே, திறந்த கதவில் 32 அங்குல இடைவெளியேனும் வேண்டும். உள்ளே நாற்காலி திரும்புவதற்கு 5 அடி விட்டமுள்ள வெற்றிடம் தேவை. குளியலறை இதனினும் முக்கியமானது. நீர் வெளியே வழியாதிருக்க அதன் வாயிலில் உயர்ந்த விளிம்பு வைப்பது கப்பல்களில் நெடுநாளைய வழக்கம். சக்கர நாற்காலியினருக்கென அமைந்த அறைகளில் அவ்விளிம்பு இராது, தளம் சற்றே சரிந்து நீரை வடியச் செய்யும், கைபிடிகளும் இருக்கும். இவ்வறைகள் ஒரு கப்பலிற் சிலவே உள்ளமையால், முற்கூட்டியே பதிவு செய்தல் நன்று.

இரண்டாவது, துறைமுகம். எல்லாக் கப்பல்களும் எல்லா இடங்களிலும் கரையை அணைவதில்லை. கரிபியன் கடலிலுள்ள கிராண்ட் கேமன் தீவிலும், கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவிலும் பெருங் கப்பல்கள் கடலில் நங்கூரமிட, பயணிகள் சிறு படகுகளிற் கரை சேர்கின்றனர். அலையில் ஆடும் படகுக்குள் பாரமான மின்சார நாற்காலியை ஏற்றுவது பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. சாந்தோரினியிலோ, படகால் இறங்கிய பின்னரும் மலையுச்சியிலுள்ள நகருக்கு 580க்கு மேற்பட்ட படிகள் ஏறவேண்டும். அன்றேல் கழுதையையோ கம்பிவட ஊர்தியையோ நாடவேண்டும். கப்பல் கரையை அணையும் இடங்களிலும், நீர்மட்டம் ஏறி இறங்குவதற்கேற்ப ஏறுபாலத்தின் சரிவு மாறும். ஆகையால், எந்தெந்த ஊரிற் படகு, எந்தெந்த ஊரில் ஏறுபாலம் என்பதைப் பணஞ் செலுத்துமுன் அறிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, ஆபத்து வேளை. தீப்பற்றினால் மின்தூக்கிகளைப் பயன்படுத்தலாகாது. அப்போது உயிர்காப்புப் படகுள்ள தளத்துக்கு உங்களைக் கொண்டுசெல்பவர் யார், எவ்வழியால் என்பதை முதல் நாளிலேயே கேட்டறிதல் வேண்டும். ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணங்களில், கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்டவுடனேயோ பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கவேண்டுமென்ற சர்வதேச விதி 2015ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அப்பயிற்சியே இவ்வினாவுக்குத் தக்க சமயம்.

சட்டமும் ஓரளவு துணைநிற்கின்றது. பஹாமஸ் கொடி தாங்கிய கப்பல்களில் ஹியூஸ்டன் துறைமுகத்திலிருந்து செல்லப் பயணச்சீட்டு வாங்கிய சிலர், தமக்குச் சமமான வசதி மறுக்கப்பட்டதென வழக்குத் தொடர்ந்தனர். அந்நிய நாட்டுக் கொடி பறந்தாலும், தம் நாட்டுக் கடற்பரப்பிலுள்ள கப்பல்களுக்கு 1990ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் பொருந்துமென 2005இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கப்பலின் பாதுகாப்பைக் குலைக்கும் மாற்றங்களை அது வற்புறுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2012 டிசம்பர் முதல் இதற்கான விதிகள் உள்ளன. பாதுகாப்போ கப்பல், துறைமுகம் ஆகியவற்றின் அமைப்போ இடந்தராதபோதன்றி, உடற்குறையைக் காரணங்காட்டிப் பயணத்தை மறுத்தலாகாது. பயணியும், தமது அறையின் தேவையைப் பதிவு செய்யும்போதே தெரிவித்தல் வேண்டும்.

நேயர்களே, "வசதி உண்டா?" என்று கேட்டால் "உண்டு" என்ற விடை எளிதிற் கிடைக்கும். "கதவு எத்தனை அங்குலம்? விளிம்பு எவ்வளவு உயரம்?" என்று கேட்டு, விடையை எழுத்திற் பெறுங்கள்.

"நாங்கள் இருக்கின்றோமே, தூக்கிக்கொண்டு போவோம்" என்று நம் வீட்டார் சொல்வார்கள். அது அன்பின் சொல்லே, ஐயமில்லை. ஆயினும், அதிகாலையில் எவரையும் எழுப்பாமல், தம் நாற்காலியைத் தாமே உருட்டி மேற்றளத்துக்குச் சென்று, கடலிற் கதிரவன் எழுவதைக் காண்பது வேறு. அவ்வுரிமையை அவருக்கு அளிக்கும் கப்பலே தக்க கப்பல்.